சிப்பில் ஏறிய குரல்

எங்கள் ஒழுங்கைக்குள் காலையில் மீன் ஆட்டோ வரும். மீன்காரர் வாய் திறப்பதில்லை. ஆட்டோவின் கூரையில் கட்டியிருக்கிற ஸ்பீக்கர்தான் அவருக்காகக் கூப்பிடும்.

"உம்மாமாரே, ராத்தாமாரே, சட்டிய அடுப்புல வைங்க. கடல் இப்பதான் கைய விட்டிரிக்கி. கீரி இரிக்கி, பாரை இரிக்கி. கண்ணப் பாருங்க, செவுளத் தூக்கிப் பாருங்க. மனசுக்குப் புடிக்காட்டி வாங்க வேணாம், சலாம் சொல்லிட்டுப் போறன்."

இதைச் சொன்னவர் அபுல் ஹஸன் காக்கா. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். சொற்களும் அவருடையவை, குரலும் அவருடையது. கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் இதைக் கேட்காத வளவு இல்லை. ஆனால் சொன்னவர் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

நான் அவருக்கு அடுத்த வளவு. ஆட்டோ ஓட்டுகிறவன். வாலிப வயதில் அவர் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற கடையொன்றில் நின்றார். மைக்கைப் பிடித்துக்கொண்டு என் ஆட்டோவின் பின் சீட்டில் இருந்து ஊர் ஊராக அறிவிப்புச் செய்வார். உதைபந்தாட்ட இறுதிப் போட்டி, கடை திறப்பு, இரத்ததான முகாம், காணாமல் போன மாடு, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். எழுதிக் கொடுப்பதை அப்படியே வாசிக்க மாட்டார். கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "முதல்ல சாமானக் காட்டுங்க" என்பார்.

அதுதான் அவருடைய வழக்கம். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி அவர் மைக்கில் பேசியதில்லை. ஒரு பெருநாளைக்கு முன் செருப்புக் கடைக்காரர் ஒருவர், "தண்ணிக்குள்ள கிடந்தாலும் ஒண்டும் ஆகாது எண்டு சொல்லுங்க" என்றார். காக்கா ஒரு சோடியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் அடி வேறாக, வார் வேறாக மிதக்கிறது. கடைக்காரரிடம் போனார்.

"பெருநாளைக்குப் போட வடிவான செருப்பு எண்டு சொல்றன். தண்ணிய விடுங்க."

"என்ன காக்கா, விளம்பரந்தானே!"

"விளம்பரம் உங்கட. வாய் என்டது. இந்த வாயாலதான் நான் ஓதவும் வேணும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஹஸன் காக்கா சொன்னால் பொய் இருக்காது என்று சனம் நம்பியது. அவருக்குக் காணி பூமி இல்லை. அந்த நம்பிக்கைதான் அவர் கையிலிருந்த முதல்.

பிறகு ஆள் தேவையில்லை, குரல் இருந்தால் போதும் என்கிற காலம் வந்தது. விரல் நகமளவு சிப் ஒன்றை ஸ்பீக்கருக்குள் போட்டுவிட்டால் அது நாள் முழுக்கக் கத்தும். நற்பிட்டிமுனைப் பக்கத்து மீன் வியாபாரி றிஸ்கான் வந்து, தன்னுடைய ஆட்டோவுக்கென்று ஒரு கூப்பாடு பதிந்து தரக் கேட்டார். காக்கா அவரோடு கடற்கரைக்குப் போய், தோணி கரையேறி மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சொற்களைக் கட்டினார். "வாங்க வேணாம்" என்கிற இடத்துக்கு வந்து சேர அவருக்குக் கன நாள் எடுத்தது.

"எல்லாரும் வாங்குங்க வாங்குங்க எண்டுதான் கத்துறாங்க தம்பி. வாங்க வேணாம் எண்டு சொன்னாத்தான் பொம்பிளைகள் கடப்படி வாசலுக்கு வந்து எட்டிப் பாப்பாங்க" என்று என்னிடம் சொன்னார். அது அப்படியே நடந்தது.

பின்னறை ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்து, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பதிந்தார். முடிகிற நேரம் பார்த்துக் குசினியில் அவருடைய மனைவி ஹாஜறாவின் கையிலிருந்து கரண்டி ஒன்று விழுந்தது. "செவுளத் தூக்கி" என்கிற இடத்தில் அந்த "டிங்" சத்தம் கேட்கும். திரும்பப் பதியலாம் என்றால் கரண்ட் போய்விட்டது. இருக்கட்டும் என்று விட்டார்கள்.

றிஸ்கான் பேசியபடி காசைக் கொடுத்தார். அவருடைய மீன் நன்றாக ஓடியது. சில கிழமைகளில் நிந்தவூரில் வேறோர் ஆட்டோ அதே கூப்பாட்டோடு போனது. பிறகு சாய்ந்தமருதில். பிறகு எங்கும். எல்லா ஆட்டோவிலும் அந்தக் கரண்டி விழுந்தது.

கேட்டதற்கு றிஸ்கான், "நான் என்ட மச்சானுக்கு மட்டுந்தான் குடுத்தன் காக்கா" என்றார். அந்த மச்சானுக்கு எத்தனை மச்சான்மார் என்று அல்லாஹ்தான் அறிவான்.

கடைசியில் அது றம்ஸீனின் கொமினிகேசனில் போய் நின்றது. போட்டோக் கொப்பி, ரீலோட், சிப்புக்குப் பாட்டு ஏற்றுவது எல்லாம் அங்கே நடக்கும். மீனுக்கு, மரக்கறிக்கு, பாய்க்கு, ஐஸ்கிறீமுக்கு என்று காக்கா இதுவரை பதிந்த அத்தனையையும் றம்ஸீன் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார். யார் புதிதாக வியாபாரம் தொடங்கினாலும் ஏற்றிக் கொடுப்பார். ஏற்றுகிற கூலி அவருக்கு.

நானும் காக்காவும் போனோம். காக்கா சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. சலாம் சொல்லி, வீட்டுச் சுகம் விசாரித்து, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, அது என்ட உழைப்பு. என்ன ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்தா நல்லம்."

றம்ஸீன் கம்பியூட்டரை விட்டுத் திரும்பவில்லை. "கொப்பி பண்ணினா உங்கட தொண்டை தேஞ்சா போகும் காக்கா? உங்கடது உங்களுக்கிட்டத்தானே கிடக்கு."

"கிடக்குத்தான். இனி ஆரும் என்னட்ட வர மாட்டாங்களே."

"வானத்துல போற சத்தத்துக்கு ஆரும் காணி உறுதி எழுதுறயா? ஏழை வியாபாரிகள் நாலு பேர் பொழைக்கிறான். உங்களுக்கு நன்மை எண்டு நினைங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "கரண்டி விழுந்ததுக்கு ராத்தாவுக்கும் காசு வேணுமாமா?" என்று கேட்டார். காக்காவும் சேர்ந்து சிரித்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "நன்மை எண்டா நான் குடுக்கணும் தம்பி. அவன் எடுத்துட்டு எனக்கு நன்மை எண்டு சொல்றான்" என்றார்.

ஜும்ஆ முடிந்து மௌலவியிடமும் கேட்டார். மௌலவி நல்ல மனிதர். "அது உங்கட ஹக்குத்தான், உங்கட உரிமை. ஒருத்தர்ட உழைப்பக் கேக்காம எடுக்கிறது சரியில்ல" என்றார்.

"அப்ப அத மிம்பர் மேடையில ஏறி ஒருக்காச் சொல்லுங்களன்."

மௌலவி தாடியைத் தடவினார். "படம், பாட்டு, பயான் எண்டு எல்லாரும் எல்லாத்தையும் அப்படித்தானே எடுக்காங்க. நான் ஆரச் சொல்ற? நீங்க சபுறு செய்ங்க காக்கா."

காக்கா சபுறு செய்தார், பொறுத்துக்கொண்டார். எடுத்தவர்களிடம் போய் யாரும் எதுவும் சொல்லவில்லை.

காசு போனதைவிட அவருக்கு நொந்தது வேறு. றிஸ்கான் தோணியடியில் வாங்கிய மீனுக்காக அவர் சொன்ன வார்த்தை அது. எங்கோ பிடித்து, ஐஸில் நாட்கணக்காகக் கிடந்த மீனுக்கும் இப்போது அதே வார்த்தை. ஒரு நாள் சந்தையில் ஒரு பெண் அவரைக் கண்டதும் சத்தம் போட்டார்.

"இஞ்ச பாருங்க, கடல் கைய விட்ட மனிசன் போறாரு! ஐஸ் பெட்டி கைய விட்டிரிக்கி எண்டு சொல்லுங்க காக்கா. உங்கட மீனால எங்கட ஊட்டுல எல்லாருக்கும் வயித்தால போகுது!"

"அது நான் இல்ல ராத்தா."

"உங்கட குரல எனக்குத் தெரியாதா?"

அன்று காக்கா வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிட்டார்.

தேடி வந்தவர் ஒரே ஒருவர். ஆலையடிவேம்பிலிருந்து வந்த தங்கராசா, மரக்கறி விற்கிறவர். அவருக்கும் யாரோ சிப் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். "காக்கா, நான் கோயில் வீதியால சலாம் சொல்லிச் சொல்லிக் கத்தரிக்காய் விக்கிறன். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கெண்டு ஒண்டு போட்டுத் தாங்க. சும்மா வேணாம்." காக்கா அவருடைய தோட்டம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதிந்து கொடுத்தார். அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அப்படி யாரும் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் றுஸ்தாவின் விஷயம் வந்தது. பாலர் பாடசாலைக்குப் போகிற சின்னப் பிள்ளை. இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. தகப்பன் இல்லை. தாய் முஸ்பிறா, தன் தம்பி மீராசாவின் ஆதரவில் இருந்தார். கிட்னி மாற்ற வேண்டும், அதற்கு ஊரூராக வேனில் போய் உதவி கேட்க வேண்டும், அறிவிப்புக்கு ஒரு குரல் வேண்டும் என்று மீராசா வந்து நின்றார். இதற்கு ஒரு சதமும் வேண்டாம், அல்லாஹ்வுக்காக என்று காக்கா சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் பதிய மாட்டேன் என்றார்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் கிடந்த பிள்ளை அவர் சலாம் சொன்னதைக் கேட்டதும் கண்ணை விரித்தது. "நீங்க மீன் ஆட்டோ தானே?" என்றது. காக்கா உடனே, "உம்மாமாரே, ராத்தாமாரே" என்று தொடங்கினார். "செவுளத் தூக்கி" என்கிற இடம் வந்ததும் பிள்ளை தானே "டிங்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. முகம் வீங்கிப்போய், கையெல்லாம் ஊசித் தழும்பு. அந்தக் கோலத்தில் அப்படி ஒரு சிரிப்பு. முஸ்பிறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காக்கா பதிந்தார். பிள்ளையின் பெயரும் தாயின் பெயரும் சொல்லிவிட்டு இப்படிப் போகும்:

"என்ட கண்ணால பாத்துட்டு வந்து சொல்றன். இந்தப் புள்ளட கையில ஊசி குத்தாத இடம் இல்ல. ஆனா இந்தப் புள்ள இன்னும் சிரிக்கிது. அந்தச் சிரிப்பு நிண்டு போக விட்டுடாதீங்க, எங்கட சனங்களே."

வேன் போன இடமெல்லாம் பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கோயிலுக்குச் சேர்த்து வைத்ததைக்கூடக் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஆனால் ஒப்பரேசனுக்கு நாள் வருவதற்கு முன்பே பிள்ளை மௌத்தாகிவிட்டது. அல்லாஹ்வின் நாட்டம். முஸ்பிறா சேர்ந்த பணத்தில் தனக்கென்று எதையும் எடுக்கவில்லை. பள்ளிவாசல் மூலமாக வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்.

வருடம் ஒன்று போனது. அக்கரைப்பற்றுப் பக்கம் சவாரி போய்வந்த ஓர் ஆட்டோக்காரர், "உங்கட ஹஸன் காக்காட குரல்ல ஒரு வேன் காசு கேட்டுத் திரியுது" என்று என்னிடம் சொன்னார். நான் அதைக் காக்காவிடம் சொல்வதற்கு முன்பே அந்த வேன் முஸ்பிறாவின் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது.

முஸ்பிறா வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாராம். பதிவின் முன்னுக்கு இருந்த பெயர்களை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. இந்தப் புள்ள இன்னும் சிரிக்கிது என்று அந்தக் குரல் சொல்கிறது. அவர் ஈர உடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து வேனின் கதவைப் பிடித்தார். "நிப்பாட்டுங்க! என்ட புள்ள! நிப்பாட்டுங்க!" வேனில் யாரோ ஒரு பிள்ளையின் பெரிய படம் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தவன், காசு கொடுக்கத்தான் இந்தப் பெண் ஓடி வருகிறாள் என்று நினைத்து உண்டியலை நீட்டினான். பிறகு ஏதோ பிழை என்று விளங்கி வேனை விரட்டினார்கள். மணலில் விழுந்து கிடந்த முஸ்பிறாவை மீராசாதான் வந்து தூக்கினார்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூடினார்கள். நிர்வாக சபைத் தலைவர் இருந்தார், மௌலவி இருந்தார், சபை உறுப்பினர் என்று றம்ஸீனும் இருந்தார். காக்கா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். மீராசா எழும்பி அவருக்கு நேரே கையை நீட்டினார்.

"எங்கட புள்ள மௌத்தாகி வருசம் ஒண்டாச்சு. இவர்ட வாய் அத வெச்சு இன்னும் பிச்சை எடுக்குது! எவ்வளவு பங்கு உங்களுக்கு? சொல்லுங்க!"

தலைவர் அவரை அமர்த்திவிட்டுக் கேட்டார். "ஹஸன், குரல் உங்கடதானா?"

"ஓம்."

"அப்ப நீங்கதானே குடுத்திரிக்கணும்?"

"நான் குடுக்கல்ல. மீராசா தம்பிக்கு மட்டுந்தான் குடுத்தன்."

மீராசா கொஞ்சம் தணிந்தார். வேனுக்கு ஸ்பீக்கர் கட்டிய நேரம் றம்ஸீனின் கடையில்தான் சிப்பில் ஏற்றியதாகச் சொன்னார். எல்லோரும் றம்ஸீனைப் பார்த்தார்கள்.

றம்ஸீன் நிமிர்ந்து இருந்தார். "என்ட கடைக்கு எத்தனையோ பேர் வாறான், எல்லாத்தையும் மொத்தமாக் கேக்குறான், ஏத்திக் குடுக்கன். ஆர் என்னத்துக்குக் கொண்டு போறான் எண்டு நான் பின்னால போய்ப் பாக்கிறயா? குரலுக்குச் சொந்தக்காரன் அவரு. அவருதான் பதில் சொல்லணும்."

காக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, மீனுக்கு எடுத்தப்ப வானத்துல போற சத்தம் எண்டீங்க. இப்ப எப்படி எனக்குச் சொந்தமாச்சு?"

மௌலவி தஸ்பீஹ் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கனைத்தார். "பழசக் கிளறி என்ன செய்ற. ஊருக்கு விளங்கப்படுத்தணும். நீங்க ஒரு அறிவிப்பு இதுல பதிஞ்சு தாங்க, வட்ஸ்அப்புல விடுவம்." போனைக் காக்காவின் வாய்க்கு முன்னால் பிடித்தார்.

காக்கா யோசித்து எதையும் கட்டவில்லை. வந்ததைச் சொன்னார். "அஸ்ஸலாமு அலைக்கும். நான் அபுல் ஹஸன். வேன்ல போற குரல் என்டதான். ஆனா அதுல நான் இல்ல. வல்லாஹி, அதுல நான் இல்ல." கடைசி வார்த்தையில் அவருடைய குரல் கீச்சென்று போனது.

அன்று மஃரிப் தொழுகைக்குள் அது எல்லோருடைய போனிலும் இருந்தது. அதற்கும் மேலே போனது. இளைஞர்கள் முன்பகுதியை வெட்டிவிட்டு, "ஆனா அதுல நான் இல்ல, வல்லாஹி" என்பதை மட்டும் எடுத்து வீடியோக்களுக்குப் போட்டார்கள். வாயில் மீன் தலையோடு பூனை ஒன்று திரும்பிப் பார்க்கிறது: வல்லாஹி, அதுல நான் இல்ல. கலியாண வீட்டில் இரண்டாவது சஹன் சோற்றிலும் கை வைக்கிற தடித்த மனிதர்: வல்லாஹி, அதுல நான் இல்ல. குரல் கீச்சென்று போகிற இடத்தைத் திருப்பித் திருப்பி விட்டார்கள். அல்லாஹ்வின் பெயரால் செய்த சத்தியத்துக்குக் கீழே மஞ்சள் முகங்கள் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தன. மனம் கேளாமல் ஒரு பிள்ளையிடம் நான், "மகன், அது சத்தியம், அத வெச்சு விளையாடக் கூடா" என்றேன். "இது நாங்க செஞ்சல்ல மாமா, எல்லாரும் போடுறாங்க" என்றான்.

அந்த வேன்காரர்கள் பிடிபடவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உண்மையான நோயாளிக்காக வருகிற வேனைக் கண்டாலும் சனம், "இதுவும் ஹஸன் காக்கா கேஸ்தான்" என்று கதவைச் சாத்தியது. அதைக் கேள்விப்பட்ட அன்று காக்கா சோறு தின்னவில்லை என்று ஹாஜறா ராத்தா என் மனைவியிடம் சொல்லி அழுதார்.

ஊர் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தாய் நம்பினால் போதும் என்று காக்கா சொன்னார். முஸ்பிறாவின் வீட்டுக்கு அவரையும் ஹாஜறா ராத்தாவையும் நான் கூட்டிக்கொண்டு போனேன். முஸ்பிறா கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். காக்கா, "தங்கச்சி, நான்..." என்று தொடங்கினார்.

முஸ்பிறா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"நான் நம்புறன் காக்கா. அல்லாஹ் மேல ஆணையா நம்புறன். நீங்க செய்யல்ல. ஆனா கதைக்காதீங்க. அந்தக் குரல்ல என்னோட கதைக்காதீங்க."

ஹாஜறா ராத்தாதான் அதன் பிறகு கதைத்தார். பிள்ளைக்காக ஓதியதை, குர்ஆன் முழுவதையும் தமாம் செய்ததை எல்லாம் சொன்னார். காக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சலாம்கூடச் சத்தமாகச் சொல்லாமல், நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டு எழும்பி வந்தார்.

இப்போது அவர் ஓர் அரிசி மில்லில் சாக்குத் தைக்கிறார். மெசின் சத்தத்துக்குள் யாரும் யாரோடும் பேச முடியாது. அது அவருக்கு வசதியாக இருக்கிறது. கேட்டதற்குத் தலையாட்டுவார், அவசியமென்றால் ஒரு சொல்.

போன கிழமை புதிதாக உடுப்புக் கடை திறக்கப்போகிற இருவர் மில் வாசலுக்கு வந்தார்கள். சாக்குகளை ஏற்றுவதற்காக நானும் அங்கே நின்றேன். திறப்பு விழாவுக்கு ஓர் அறிவிப்புப் பதிந்து தர முடியுமா என்று காக்காவிடம் கேட்டார்கள். அவர் இல்லை என்று தலையசைத்தார். திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் தலையசைத்தார்.

அவர்களுக்குக் கோபம் வரவில்லை. அதில் ஒருவர் அவருடைய தோளில் தட்டிக் கொடுத்தார்.

"பரவால்ல காக்கா. உங்கட பழைய குரல் நிறையக் கிடக்காம், வெட்டி ஒட்டி எடுக்கலாம் எண்டு றம்ஸீன் சொன்னாரு. ஒரு மரியாதைக்கு உங்களையும் கேட்டுப் பாப்பம் எண்டுதான் வந்த."